பூச்சி சொல்லும் சாட்சி

நதி ஜலம் சுத்தமானதா என்று அறிய வேண்டுமானால், அதைச் சீசாவில் மொண்டு பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது வழக்கம். ஆனால் சீசா, மொண்ட நிமிஷத்தின் கதையைத்தான் சொல்லும். முந்திய இரவு தொழிற்சாலைக் கழிவு கலந்து ஓடிப் போயிருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? நதியின் அடியில் மாதக்கணக்காகக் குடியிருக்கும் பூச்சிகளுக்குத் தெரியும். நாம் நம்புவது பூச்சியின் சாட்சியத்தையே.

எந்த உயிர் எவ்வளவு அழுக்கில் வாழும் என்று கொல்க்விட்ஸ், மார்ஸன் என்னும் ஜெர்மானியர் இருவர் 1908, 1909-ம் வருஷங்களில் வகுத்து வெளியிட்டார்கள். சாக்கடை கலந்தால் அதைத் தின்னும் நுண்கிருமிகள் பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவழித்து விடுகின்றன. கல்லுக்கடியில் ஒட்டி வாழும் மென்மையான பூச்சிக் குஞ்சுகள் முதலில் மடிகின்றன. கடைசிவரை தாக்குப் பிடிப்பது நூல் போன்ற செம்புழு. சேற்றில் தலையைப் புதைத்து, வாலை மேலே ஆட்டி, கிடைக்கிற சொற்பப் பிராணவாயுவை அது வாங்கிக்கொள்ளும். நம் உதிரத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினே அதற்கும் நிறம் தருகிறது. ஒரு செம்புழுவைக் கண்டதும் நதியைப் பழிக்க வேண்டாம். நல்ல நீரிலும் அது உண்டு. மற்றவை மறைந்து, அது மட்டும் கூட்டங் கூட்டமாய் நெளிந்தால்தான் ஆபத்து.

லண்டனில் 1858-ம் வருஷம் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பார்லிமெண்டையே கலக்கியது. 1950-களிலும் நகரத்துக்குக் கீழே பல மைல் தூரம் விலாங்கைத் தவிர மீன் எதுவும் நிலைக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் திருந்திய பின், 1974-ல் ஒரு மின்சார நிலையத்தின் நீர்வாய்ச் சல்லடையில் சால்மன் மீன் ஒன்று அகப்பட்டது!

இன்றும் பெருமழை பெய்தால் இங்கிலாந்தின் நதிகளில் சாக்கடை கலக்கிறது. ஆகையால் தூண்டிற்காரர்கள் மாதந்தோறும் கைவலையுடன் இறங்கிப் பூச்சிகளை எண்ணுகிறார்கள். தொகை திடீரென்று குறைந்தால் அன்றே அதிகாரிகளுக்குத் தகவல் போகிறது.