உயர் உஷ்ண எரிபொருள் மின்கலமும் அதன் கண்ணாடி அடைப்பும்

மின்விளக்குக் குமிழின் அடிப்பாகத்தைக் கூர்ந்து நோக்கினால், உலோகக் கம்பிகள் கண்ணாடியினூடே உள்ளே செல்வது தெரியும். சூடேறும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவடைவதால்தான் அவ்விணைப்பில் காற்றுப் புகுவதில்லை. இதே பிரச்சினை, பன்மடங்கு கடுமையாக, உயர் உஷ்ண எரிபொருள் மின்கலத்திலும் எழுகிறது.

இம்மின்கலத்தில் எரிபொருள் கொளுத்தப்படுவதில்லை. சிர்க்கோனியா என்னும் பீங்கான் தகட்டின் ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றும் செலுத்தப்படுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயு அயனிகளாகத் தகட்டை ஊடுருவி ஹைட்ரஜனுடன் சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. இதற்குச் சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் தேவை. ஒரு தகடு தருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவே. ஆகவே பல தகடுகளை, இடையிடையே குரோமிய எஃகுத் தகடுகள் வைத்து, அடுக்க வேண்டியுள்ளது. விளிம்பில் கசிவு ஏற்படின் ஹைட்ரஜன் அங்கேயே எரியும். மின்சாரம் குறைவதோடு பீங்கானும் விரிசல் காணும்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி அவ்வுஷ்ணத்திற்கு முன்னரே இளகிவிடும். ஆய்வுக்கூடக் குடுவைகளுக்குரிய போரோசிலிக்கேட் கண்ணாடியும் பயன்படாது. 10 சென்டிமீட்டர் நீள எஃகும் சிர்க்கோனியாவும் 500 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். போரோசிலிக்கேட்டோ அதில் மூன்றில் ஒரு பங்கே நீளும். குளிரும்போது இவ்வேற்றுமை வெடிப்பாக வெளிப்படும்.

கொல்கத்தா ஜாதவ்பூரில் 1950-இல் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இதற்கெனப் பேரியம் அலுமினோசிலிக்கேட் கண்ணாடிகளை ஆராய்ந்துள்ளது. பேரியம் விரிவை உயர்த்தும். போரான் இளகலை எளிதாக்கும். பொடித்த கண்ணாடியைக் குழம்பாக்கி விளிம்பில் பூசிச் சூடேற்றினால், அது உருகி இடுக்குகளில் படிந்து, பின்னர் நுண்ணிய படிகங்கள் தோன்றி இறுகும். நுட்பம் யாவும் இவ்வரிசையிலேயே அடங்கியுள்ளது. படிகங்கள் முந்திக்கொண்டால் கண்ணாடி பரவாமல் இடைவெளி நிற்கும். பிந்தினால் விளிம்பை விட்டு வழிந்தோடும்.

விரிவைப் பொருத்தித் தந்த பேரியமே மற்றொரு வகையில் தொல்லை விளைவிக்கிறது. காற்றுப்படும் விளிம்பில் அது எஃகிலுள்ள குரோமியத்துடன் கூடி மஞ்சள் நிறமான பேரியம் குரோமேட்டாகிறது. இப்பொருள் மிகுதியாக விரிவதால் அடைப்பு எஃகை விட்டுப் பெயர்கிறது. எஃகின்மேல் அலுமினாப் பூச்சிடுவது ஒரு பரிகாரம். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார், மின்கலத்தையே குழாய் வடிவில் அமைத்து, சூடான பகுதியில் அடைப்பே வேண்டாதபடி செய்தனர். அடக்கமும் மலிவும் வேண்டுவோர் தட்டை அடுக்கையே நாடுகின்றனர்.

நிலையான மின்நிலையங்களுக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 40,000 மணி, அதாவது நான்கரை ஆண்டு. அக்காலமெல்லாம் எஞ்சிய கண்ணாடியும் சிறிது சிறிதாகப் படிகமாகிக்கொண்டேயிருக்கும்; எனவே புதிதாகச் செய்த அடைப்பின் உறுதியைக் கொண்டு மட்டும் அதன் தகுதியை முடிவு செய்ய இயலாது.