நோய் வாராமற் காத்த வைத்தியர்

நோயைத் தீர்த்த வைத்தியரை உலகம் வாழ்த்தும். பிழைத்தெழுந்தவன் நன்றியோடு அவர் வாயிலில் வந்து நிற்பான். நோய் வாராமற் காத்த வைத்தியரது நிலையோ வேறு. அவராற் காக்கப்பட்ட குழந்தை, தான் காக்கப்பட்டதனையே அறியாது. ஆதலின் அத்தகைய ஒருவர் உத்தியோகத்தினின்று ஓய்வு பெறின், அவர் செய்தது இன்னதென எடுத்துரைத்தல் கற்றோர் கடனாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசாங்க வைத்தியராயிருந்து 2004-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற டாக்டர் வால்டர் ஓரன்ஸ்டைனைக் குறித்து ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

அவர் இளம் வைத்தியராயிருந்தபோது, 1974-75-இல் நம் தேசத்துக்கு வந்து, உத்தரப் பிரதேசத்தில் வைசூரி ஒழிப்பு வேலையில் ஈடுபட்டார். அம்மைப்பால் 1802-ஆம் ஆண்டிலேயே இந்தியாவை அடைந்தது. ஆயினும் வைசூரி ஒழிந்திலது. ஊழியர் வீடுதோறுஞ் சென்று நோயாளரைத் தேடிக் கண்டு, அவரைச் சூழ்ந்தோர்க்கெல்லாம் அம்மை குத்திய பின்னரே, 1975-இல் அந்நோய் இந்நாட்டை விட்டகன்றது.

தாயகம் மீண்ட அவர் பின்னர்த் தடுப்பூசித் துறையில் அமர்ந்து, 1988-இல் அதன் தலைவரானார். அடுத்த ஆண்டே அங்குத் தட்டம்மை பெருகத் தொடங்கிற்று. 1991 முடிய மூன்றாண்டுகளில் சுமார் 55,000 பேர் நோயுற்றனர். 120-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நோய்க்குரிய தடுப்பு மருந்தோ அங்கே 1963 முதல் வழங்கி வந்தது. பின் குறை யாது? பள்ளியிற் சேரும் பிள்ளைக்கு ஊசி வேண்டுமெனச் சட்டம் இருந்தது. பள்ளி வயதெய்தாத ஏழைக் குழந்தைகளுக்கு அக்காவல் இல்லை. மருந்தின் விலை கொடுக்க இயலாதாரை வைத்தியர் பலர் பொது மருத்துவ நிலையங்களுக்கு அனுப்பினர். அவ்வாறு அனுப்பப்பட்டோர் அனைவரும் ஆண்டுச் சென்றாரல்லர்.

காப்பில்லாதாரிடையே தட்டம்மையுற்ற ஒருவர் பன்னிருவர் முதல் பதினெண்மர் வரை அதனைப் பரப்பக்கூடும். ஆதலின் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் காப்புப் பெற்றாலன்றி அது தடைப்படாது. இதனைக் கருதி, 1993-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கமே மருந்தை வாங்கி வைத்தியர்க்கு அளிக்க, ஏழைக் குழந்தைகள் தாம் வழக்கமாய்ச் செல்லும் வைத்தியரிடத்தே இலவசமாய் ஊசி பெறும் ஏற்பாடு 1994-இல் தொடங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் தட்டம்மை அந்நாட்டில் நிலைத்துப் பரவுதல் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

இஃது ஒருவராலேயே ஆயிற்றென்போமல்லேம். சட்டமியற்றியோர், தாதியர், பெற்றோர் யாவர்க்கும் இதிற் பங்குண்டு. எனினும், குப்பியிலுள்ள மருந்து உயிரைக் காவாது, குழந்தையின் உடலிற் சேர்ந்த மருந்தே காக்கும் என்னும் கருத்தைப் பல்லாண்டு விடாது வற்புறுத்தியவர் இவர்.

அக்காவல் தளருமிடத்து நோய் திரும்பும். 2019-இல் அதே நாட்டில் 1,274 பேர் தட்டம்மையுற்றனர். அவருட் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொள்ளாதவர். வைத்தியத் தொழிலை நாடும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக. நன்றி கூற ஒருவரும் வாராத வேலையும் செய்யத்தக்க வேலையே.