மன்னவனூர் இருளும் பழங்கால ஒளியும்

கோடைக்கானலுக்கு மேற்கே பழனி மலைத்தொடரிலுள்ள மன்னவனூரில், மேகமற்ற கார்த்திகை அமாவாசை இரவில் அண்ணாந்து பார்ப்பவன் கடந்த காலத்தையே கண்ணாரக் காண்கிறான். ஆண்ட்ரோமீடா என்னும் நட்சத்திர மண்டலம் அங்கே வெறுங்கண்ணுக்கு மங்கிய புகைபோல் தென்படும். விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அங்கிருந்து நம்மை அடைய 25 லட்சம் வருஷங்கள் பிடிக்கின்றன.

அதற்கும் முந்திய காலத்தை அறிய ரேடியோ அலைகள் பெருந்துணை. ஆனால் அவை நீளமானவை. அவற்றைக் கொண்டு கூர்மையாகப் பார்க்கப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கருவி வேண்டும். அத்தகைய கருவியை யாரால் வார்க்க முடியும்? விஞ்ஞானிகள் கண்ட உபாயம் ஒற்றுமையே. பல ஆண்டெனாக்களைத் தூரத்தூர நிறுத்தி, அவை ஏற்கும் அலைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிறார்கள். அலை ஓரிடத்தை முந்தியும் மற்றோரிடத்தைப் பிந்தியும் அடையும் வித்தியாசத்தால், அது வந்த திசை நுட்பமாக விளங்குகிறது.

இவ்வித்தையை நம் தேசத்தில் வளர்த்தவர்களில் முதன்மையானவர் கோவிந்த் ஸ்வரூப். 1960களில் மும்பைக்கு அருகே கல்யாணில், ஆஸ்திரேலியா அளித்த 32 கிண்ண ஆண்டெனாக்களைக் கொண்டு அவர் குழுவினர் சூரியனை ஆராய்ந்தனர். 1970இல் நீலகிரியின் முத்தொரைச் சரிவில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை நம்மவரே அமைத்தனர். இரவற் கருவியில் தொடங்கியவர்கள் பத்தாண்டுகளுக்குள் சொந்தக் கருவி சமைத்தனர். சுதேசியம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பின்னர் புனேக்கு அருகே, 25 கிலோமீட்டர் அளவு பரந்த நிலத்தில், தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்கள் எழுந்தன. சுமார் 880 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்டலத்து ஹைட்ரஜன் வாயு வெளியிட்ட அலை அங்கே அகப்பட்டதென 2023இல் அறிவிக்கப்பட்டது. புறப்பட்டபோது 21 சென்டிமீட்டராக இருந்த அலை, பிரபஞ்சம் விரிந்ததால் 48 சென்டிமீட்டராக நீண்டிருந்தது. இடையிலிருந்த மற்றொரு மண்டலத்தின் ஈர்ப்பு அதைப் பெருக்கியதாலேயே நமக்கு எட்டிற்று.

இவ்வளவு மெலிந்த தூதுவனை வரவேற்க நாம் செய்யவேண்டியது யாது? ரேடியோ தொலைநோக்கியின் அருகே கைப்பேசியின் ஓசை அடங்கவேண்டும். கண்ணால் வானம் பார்க்குமிடத்தில் வீண் விளக்கு தணியவேண்டும். 1899 முதல் சூரிய ஆராய்ச்சிக் கூடத்தைத் தாங்கிநிற்பவை இந்தப் பழனி மலைகள். உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் பெருகிவரும் இந்நாளில், விளக்கின் ஒளி தரையில் மட்டும் விழுமாறு மூடியிடச் செய்வது ஊராட்சிகளுக்குப் பெருஞ்செலவன்று. லட்சக்கணக்கான வருஷங்கள் நடந்துவந்த ஒளி, நம் வாசற்படியில் ஒரு தெருவிளக்கால் மறைவதை நாம் சகிக்கலாகாது. இருளைக் காப்பதும் தேசத்தொண்டே.