திண்ணைக் காவலும் வாசல் கேமராவும்

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினால் வளவனூர் தாண்டியதும் கண்டமங்கலம் வந்துவிடும். முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பகல் நேரத்தில் வீட்டைப் பூட்டியவர்கள் குறைவு. பூட்ட வேண்டிய தேவையே வரவில்லை. தெருவுக்கு ஒரு ஆயா திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பாள். புது ஆள் ஒருவர் தெருவுக்குள் நுழைந்தால் "யாருப்பா, யார் வூட்டுக்கு?" என்று குரல் வரும். பதில் சொல்லாமல் அந்தத் திண்ணையை யாரும் தாண்ட முடியாது.

அந்தக் காவலில் இன்னொன்றும் இருந்தது. எதைப் பார்க்கலாம், எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கலாம் என்று ஆயாவுக்குத் தெரியும். எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டிச் சண்டை அவள் காதில் விழும், வாயிலிருந்து வராது. பார்த்தவள் யார் என்பது தெருவுக்கே தெரியும். அவள் கண்ட விஷயம் தெருமுனையைத் தாண்டாது.

இன்று அந்தத் திண்ணைகளில் பாதி இல்லை. கேட் வைத்து, காம்பவுண்டு கட்டியாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் காலையில் திருபுவனைப் பக்கத்துக் கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறார்கள், பிள்ளைகள் ஸ்கூலுக்கு. சாயங்காலம் வரை வீட்டில் ஆள் கிடையாது. பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, வயதான அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கும் வீடுகளும் உண்டு. கேமரா வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆயா இருந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருந்துதான் ஆக வேண்டும்.

முதலில் வந்தவை டிவிஆர் கேமராக்கள். கறுப்பு வயர் சுவர் ஓரமாக ஓடும், பெட்டி பீரோ மேல் உட்கார்ந்திருக்கும். படம் மங்கல்தான், ஆனால் அது வீட்டை விட்டு வெளியே போகாது. நெட்டில் மாட்டாததால் போக வழி இல்லை. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு எல்லாம் மாறிற்று. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வைஃபை கேமரா, பல்பு மாட்டும் ஹோல்டரிலேயே திருகுகிற கேமரா. "க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணுங்க சார், போன்ல வந்துடும்" என்றார் கடைத் தம்பி. வந்தது. எந்த வழியாக வந்தது என்று நான் கேட்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இப்படிப்பட்ட கேமராக்கள் பலவற்றில், என் வாசலில் எடுத்த படம் எங்கோ இருக்கிற ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து என் கையிலுள்ள போனுக்குத் திரும்புகிறது. அந்தச் சர்வரில் தப்பு நடந்தால் நம் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிற மாதிரிதான். 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கோளாறால் ஏறத்தாழ 13,000 பேருடைய போனுக்கு அடுத்தவர் கேமராவின் படங்கள் போய்ச் சேர்ந்தன. யூஃபி கேமராக்கள், படம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லி விற்றவை. 2022-ல் ஆராய்ந்து பார்த்தபோது அவற்றிலிருந்தும் சிறு படங்கள் கிளவுடுக்கு, அதாவது கம்பெனியின் சர்வருக்கு, போய்க்கொண்டிருந்தது வெளியானது. நம் நாட்டிலும் நடந்தது. ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் கேமராவிலிருந்து திருடப்பட்டு டெலிகிராமில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேமராவுக்குள் நுழைய பெரிய வித்தை தேவைப்படுவதில்லை. 2016-ல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது, கம்பெனிகள் பெட்டியிலேயே போட்டு அனுப்பும் அறுபத்துச் சொச்சம் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள். அவ்வளவுதான். மாற்றாமல் விட்டவர்கள் பலர் அதில் சிக்கினார்கள்.

பல்பு கேமராவைக் கழற்றிவிட்டு இரண்டாம் முறை வாங்கப் போனபோது கேள்வியோடு போனேன். "தம்பி, இன்டர்நெட்டே இல்லாம இது ரெக்கார்டு பண்ணுமா? ஆப் இல்லாம கம்ப்யூட்டர்லயே செட் பண்ண முடியுமா? ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி இருக்கா?" மற்ற கம்பெனிகளின் ரெக்கார்டரோடும் கேமரா பேசுவதற்கான பொது மொழிகள் இவை. இவை இருந்தால் ஒரே கம்பெனியின் ஆப்பை நம்பிக் கிடக்க வேண்டாம். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எஸ்டிக்யூசி சான்று. 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுகிற கடைகளில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இப்போது என் வீட்டில் நாலு கேமரா, படத்தைப் பதிவு செய்ய ஒரு என்விஆர் பெட்டி. ஒரே வயரில் கரண்டும் படமும் போகும் பிஓஇ முறை. கேமரா ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் வைத்தால் ஒரு நாளைக்கு சுமார் 21 ஜிபி ஆகிறது. 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் மூன்று வாரம் தாராளமாக நிற்கும். பாஸ்வேர்டை மாற்றினேன், கம்பெனி சர்வர் வழியாகப் போனில் காட்டும் பி-டூ-பி வசதியை அணைத்தேன், ரவுட்டரில் தானாகவே வழி திறந்துவிடும் யுபிஎன்பியையும் அணைத்தேன், என்விஆர் பெட்டி இன்டர்நெட்டுக்குப் போகாதபடி தடுத்தேன். கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். நேரம் தப்பாக இருந்தால் நாளைக்கு ஸ்டேஷனில் காட்டும்போது அந்த வீடியோவே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். வெளியூரிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் ரவுட்டரில் கேமராவுக்கென்று போர்ட் திறக்காமல், விபிஎன் என்ற பூட்டிய தனிவழியாகப் பார்ப்பதுதான் சரி. விவரம் தெரிந்தவரை வைத்து ஒரு முறை செய்துகொண்டால் போதும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்ததை எங்கள் விழுப்புரம் ஜில்லா மறக்காது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி நாளில் கரண்டும் போகும், நெட்டும் போகும். கிளவுடை நம்பிய கேமரா அப்போது குருடு. என்விஆருக்கும் கேமரா வயர்கள் சேரும் சுவிட்சுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுவிட்டால், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரி தாங்கும் வரை அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

மாட்டி முடித்த அன்று சாயங்காலம் டிவியில் படத்தைப் பார்த்தேன். கேட் தெரிந்தது, தெரு தெரிந்தது, ஓரத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தது. அங்கே அக்கா தலைக்குக் குளித்துவிட்டு முடியைத் துவட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஏணியைத் திரும்பப் போட்டு கேமராவைக் கீழே சாய்த்தோம். மிச்சம் தெரிந்த மூலையை மெனுவில் பிரைவசி மாஸ்க் என்ற வசதியால் கறுப்பாக மறைத்தோம். பிறகு அவரையே வீட்டுக்குள் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப சரி தம்பி" என்றார். வீட்டுக்குள் படுக்கையறையில், கூடத்தில் கேமரா வைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வாசலோடு நிற்கட்டும்.

உங்கள் வீட்டிலும் கேமரா இருக்கும். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் வயரைப் பத்து நிமிஷம் கழற்றி வையுங்கள். வாசலில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து, அந்தப் பத்து நிமிஷமும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வயரைத் திரும்ப மாட்டிய கையோடு கேமராவின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.