கரையாத மஞ்சள்

மாணவர்களே! தமிழில் ‘மஞ்சள்’, இந்தியில் ‘ஹல்தி’, தெலுங்கில் ‘பசுப்பு’ எனப் பெயர் வேறுபடினும் பொருள் ஒன்றே. தமிழ்நாட்டின் ஈரோடு, தெலங்கானாவின் நிஜாமாபாத், மகாராட்டிரத்தின் சாங்லி ஆகிய ஊர்கள் மஞ்சள் வணிகத்தால் பெயர்பெற்றவை. நீங்கள் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் மஞ்சளுக்கு ஓர் இடம் உண்டு.

மஞ்சளுக்கு நிறத்தைத் தருவது குர்குமின் என்னும் வேதிப்பொருள். 100 கிராம் மஞ்சள்தூளில் இது ஏறத்தாழ 3 கிராம் அளவே இருக்கும். இதற்கு இரு பண்புகள் உண்டு. ஒன்று, உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தல். மற்றொன்று, பாக்டீரியா, பூஞ்சை முதலிய நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துதல். ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் இவ்விரண்டும் நன்கு புலப்படுகின்றன. ஆயினும் நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பகுதியே குருதியை அடைகிறது. காரணம் யாது?

ஒரு சிறு சோதனை

இரண்டு கண்ணாடிக் குவளைகளுள் ஒன்றில் நீரும் மற்றொன்றில் சமையல் எண்ணெயும் ஊற்றுக. இரண்டிலும் சிறிது மஞ்சள்தூள் இட்டுக் கலக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வைத்திடுக. இரண்டிலும் தூள் அடியில் படியும். ஆனால் மேலே நிற்கும் எண்ணெய், நீரைவிடத் தெளிந்த பொன்னிறம் பெற்றிருக்கும். குர்குமின் எண்ணெயில் கரையும். நீரில் கரைவது மிக அரிது.

நம் குடலில் உள்ள செரிமானச் சாறோ பெரும்பாலும் நீரே. கரையாத பொருள் குடற்சுவரை எளிதில் கடப்பதில்லை. கடந்த சிறு பகுதியையும் குடற்சுவரும் கல்லீரலும் விரைந்து மாற்றி வெளியேற்றிவிடுகின்றன.

அடுக்களை கண்ட வழி

நம் சமையலில் மஞ்சள் பெரும்பாலும் எண்ணெயோடும் தேங்காயோடும் சேர்கிறது. பாலில் கலக்கும்போது மிளகும் உடன் வருகிறது. இச்சேர்க்கை பொருளுடையது. 1998ஆம் ஆண்டில் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருளை 20 மில்லிகிராம் சேர்த்து மனிதர்க்கு அளித்தனர். குருதியை அடைந்த குர்குமின் ஏறத்தாழ 20 மடங்கு ஆயிற்று. குர்குமினை மாற்றி வெளியேற்றும் நொதிகளைப் பைப்பரின் தடுப்பதே இதற்குக் காரணம்.

ஆய்வகம் காணும் வழிகள்

பால் என்பது நீரில் கொழுப்புத் துளிகள் பரவிய கலவை. இவ்வகைக் கலவையைப் பால்மம் என்பர். குர்குமினை எண்ணெயில் கரைத்து, அவ்வெண்ணெயை நானோமீட்டர் அளவுத் துளிகளாக்கி நீரில் பரப்புவது ஒரு வழி. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே நானோமீட்டர். துளிகள் சிறுத்தால் மொத்தப் பரப்பு பெருகும், உட்கவர்தலும் எளிதாகும்.

மாவுச்சத்திலிருந்து பெறும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளைய மூலக்கூறு மற்றொரு வழி. இவ்வளையத்தின் வெளிப்புறம் நீரை விரும்பும். உட்குழிவோ குர்குமினுக்கு இடம் தரும். இதனால் குர்குமின் நீரில் கலந்து பயணம் செய்யும்.

அளவறிதல்

உடலில் மிகுதியாகச் சேர்வது எப்போதும் நன்மை அன்று. உட்கவர்தலைப் பெருக்கிய குர்குமின் மாத்திரைகளை உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் குருதியில் உயர்த்தக்கூடும். ஆதலின், உணவில் சேரும் மஞ்சள் வேறு, மாத்திரையில் செறிந்த குர்குமின் வேறு என அறிக. மருத்துவரைக் கேளாமல் அம்மாத்திரைகளை உண்ணலாகாது. நற்பொருளாயினும் உரிய இடத்தை உரிய அளவில் சேர்ந்தாலன்றிப் பயன் தாராது.

அருஞ்சொற்பொருள்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
உட்கவர்தல் – உள்ளே ஈர்த்துக்கொள்ளுதல்
புலப்படுதல் – தெளிவாகத் தெரிதல்

விடை எழுதுக
1. குர்குமின் குருதியை எளிதில் அடையாமைக்குரிய இரு காரணங்கள் யாவை?
2. சைக்ளோடெக்ஸ்ட்ரின் குர்குமினை எவ்வாறு நீரில் கலக்கச் செய்கிறது?
3. உங்கள் வீட்டில் மஞ்சள் எப்பொருள்களுடன் சேர்த்துச் சமைக்கப்படுகிறது? பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.