கையை உயர்த்தினால் தோள் வலிக்கிறதா?

சமையலறை மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக் கையை உயர்த்துகிறீர்கள். பாதியிலேயே தோளில் சுரீரென்று வலி. தலை வாரும்போதும் வலி. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிவதில்லை. ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துவிட்டுக் கையை அசைக்காமலே வைத்துக்கொள்வோர் பலர். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

காரணம் என்ன?

தோள் மூட்டை நான்கு தசைகளின் நாண்கள் அணைத்து நிற்கின்றன. மேலேயுள்ள நாண், கூரை போன்ற எலும்பு முனையின் கீழ், குறுகிய இடைவெளியில் செல்கிறது. கையை உயர்த்தும்போது அந்நாண் எலும்பில் நெருக்குண்டு உரசுவதே நோய் என 1972-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் விளக்கினார். நாணின் தேய்வும் தசைகளின் பலவீனமும் முக்கியக் காரணங்கள் என்று இன்று கருதப்படுகிறது. தலைக்குமேல் கைதூக்கி நெடுநேரம் வேலை செய்வோரையும், நடுவயதைக் கடந்தோரையும் இது அதிகம் தாக்குகிறது.

கண்டறிவது எப்படி?

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது சுமார் 60 பாகை முதல் 120 பாகை வரை வலிப்பது முக்கிய அடையாளம். பிறர் தூக்கிவிட்டாலும் கை எழவில்லையெனில் அது ‘உறைந்த தோள்’ ஆகலாம். நீரிழிவுக்காரர்களுக்கு இது அதிகம் வரும். விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாவிட்டால் நாண் கிழிந்திருக்கலாம், ஸ்கேன் தேவைப்படும். மூச்சுத் திணறலோ வியர்வையோ சேர்ந்த தோள்வலி இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சிகிச்சை

வலியைத் தூண்டும் வேலைகளைச் சில வாரம் குறையுங்கள். கையை அடியோடு முடக்கிவிடாதீர்கள். வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவில், சில நாட்கள் மட்டும் உண்ணுங்கள். ஸ்டீராய்டு ஊசி தற்காலிக நிவாரணம் தரும். நீரிழிவுக்காரர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம்.

உண்மையான மருந்து உடற்பயிற்சியே. குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டுவதில் தொடங்கி, ரப்பர் பட்டையை இழுத்துத் தசைகளை வலுவாக்குவது வரை, இயன்முறை மருத்துவர் படிப்படியாகக் கற்றுத் தருவார். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம், பொறுமை தேவை.

எலும்பைச் செதுக்கும் அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். 2018-இல் வெளியான பிரிட்டிஷ், பின்லாந்து ஆய்வுகளில், எலும்பைச் செதுக்காமல் உள்ளே கருவி செலுத்திப் பார்த்ததோடு விடப்பட்டோரும் ஏறத்தாழ அதே அளவு குணம் கண்டனர். 2019-இல் சர்வதேச வல்லுநர் குழுவொன்று, இந்நோய்க்கு இவ்வறுவை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

ஆகவே, கத்திக்கு அஞ்சி வலியை மறைக்கவும் வேண்டாம். வலிக்கு அஞ்சிக் கத்தியைத் தேடவும் வேண்டாம். இன்றே மருத்துவரிடம் தோளைக் காட்டுங்கள். நாள்தோறும் பயிற்சிக்குச் சிறிது நேரம் ஒதுக்குங்கள்.