பள்ளியில் பாலியல் கொடுமை: வழக்குச் செலவு யாருக்கு? இழப்பீடு தருவது யார்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுமை நடந்தது தெரிந்த பிறகும் பல வீடுகளில் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள. மானம் போய்விடும் என்பது ஒரு பயம். இன்னொன்று, "கேஸ்னு போனா வக்கீல் ஃபீஸ் யாரு கட்டுறது? தோத்துட்டா என்ன பண்றது?" கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட வேலைக்கும் ஏலத்தோட்ட வேலைக்கும் போகும் கூலிக் குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

வக்கீலுக்குப் பணம் கட்டணுமா?

வேண்டாம். போக்சோ வழக்கை நடத்துவது அரசு. அரசு வழக்கறிஞருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. துணைக்குத் தனி வக்கீல் வேண்டும் என்றால், போக்சோ சட்டத்தின் 40-வது பிரிவு அதற்கு வழி தருகிறது. வசதி இல்லாதவர்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். பெண்கள், குழந்தைகளுக்கு இதில் வருமான வரம்பும் கிடையாது. தேனி மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும், உத்தமபாளையம் வட்ட சட்டப் பணிகள் குழுவிலும் மனு கொடுக்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், அவரோட வக்கீல் செலவு உங்கள் தலையில் விழாது.

இழப்பீடு எப்போ கிடைக்கும்?

தண்டனை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போக்சோ விதிகள் 2020-ன்படி, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், விடுதலையானாலும், பிள்ளைக்குப் பாதிப்பு இருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளில் மாநில அரசு பணத்தைத் தர வேண்டும்.

சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால், ஒரு வாரத்தில் தனி நிவாரணமும் உண்டு.

நீதிமன்றம் தானாகவே உத்தரவிடலாம். ஆனாலும் மனு போட்டுக் கேட்பது நல்லது.

அரசு ஊழியர் செய்த தப்புக்கு அரசு பொறுப்பா?

ஆம், பொறுப்பாக்க முடியும். ஹவுராவில் ரயில்வே ஊழியர்கள் உட்பட சிலரால் வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு, ரயில்வே 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பதை 2000-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அரசுப் பள்ளி விஷயத்தில் இதே வாதத்தோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தேனி மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை.

அயர்லாந்தில் 1973-ல் பள்ளியில் பாதிக்கப்பட்ட லூயிஸ் ஓ'கீஃப், உள்நாட்டு நீதிமன்றங்களில் அரசுக்கு எதிராகத் தோற்றார். 2014-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. அவருக்கு இழப்பீடு 30,000 யூரோ, வழக்குச் செலவு 85,000 யூரோ. இலவச சட்ட உதவி ஏன் முக்கியம் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

பல வருஷம் ஆகிவிட்டதே?

மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் புகார் தரக் காலக்கெடு இல்லை. பெரியவர்களான பிறகும் புகார் தரலாம். 2012 நவம்பர் 14-க்கு முன் நடந்தது என்றால் போக்சோ பொருந்தாது, பழைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும். மதுரை பொதும்பு அரசுப் பள்ளி விவகாரம் 2011-ல் வெளியே வந்தது. அதன் முன்னாள் தலைமை ஆசிரியருக்கு 2018-ல் 55 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆனால் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடக் காலக்கெடு உண்டு. பொதுவாக 21 வயதைத் தாண்டினால் கஷ்டம்.

பள்ளி மூடி மறைத்தால்?

விஷயம் தெரிந்தும் போலீசில் சொல்லாத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "நாங்களே பேசி முடிச்சுக்கிறோம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

யாரை அழைப்பது?

குழந்தைகள் உதவி எண் 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. பிள்ளையின் பெயர், படம், பள்ளிப் பெயரை வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள்; அதுவும் குற்றம்தான்.